காணாமற்போன 1,126 புத்தகங்கள்: ஒரு சிறு கல்லூரி நூலகத்தின் கணக்கெடுப்பு

மட்டக்களப்பில் புத்தகம் எண்ணுவதற்கு மிக மோசமான மாதம் மார்கழி. வாடைக்காற்றும் மழையும் ஒன்றாய்ப் பிடித்து நிற்கும். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம், இடையில் மின்சாரமும் போய்ப்போய் வரும். அரச கல்லூரிகளின் பொருட்கணக்கோ ஆண்டு முடிவை ஒட்டித்தான் எடுக்கப்படுகிறது. கதிரை மேசைக்கு அந்தத் திகதி போதும். ஈரக் கையால் ஆயிரக்கணக்கான புத்தகங்களைப் புரட்டவேண்டிய நூலகத்துக்கு அது ஒத்துவருவதில்லை. மார்கழியில் அவசரமாக எண்ணியதால் பிறந்த ஒரு பெரிய ‘இழப்பு’ ஆடி மாதத்தில் எப்படிச் சுருங்கியது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

எடுத்துக்கொண்டது மாதிரிக்காக அமைத்த ஒரு கல்லூரி. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், வாவியோரம், 450 மாணவர், ஒரு நூலகர், ஒரு உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எந்தத் தனி நிறுவனத்துக்கும் உரியவை அல்ல. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இந்த அளவுள்ள நூலகங்களுக்கு வரும் சிக்கல்களை ஒரே இடத்தில் வைத்துக் கணக்குப் பார்ப்பதற்காக அமைத்தவை.

மார்கழிக் கணக்கு

சேர்வுப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் அக்செஷன் புத்தகம் என்று சொல்லும் தடித்த கொப்பியில், கடைசி எண் 8,412. முன்னைய ஆண்டுகளில் முறைப்படி நீக்கியவை 640. ஆகவே இருக்கவேண்டியவை 7,772. கணக்கெடுப்புச் சபையாக வெளிப் பிரிவிலிருந்து வந்த இருவர் மூன்று நாள் எண்ணி 6,646 என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். வித்தியாசம் 1,126. ஏழு புத்தகத்துக்கு ஒன்று இல்லை என்ற கணக்கு. அறிக்கையைப் பார்க்கும் எந்த அதிபருக்கும் முதலில் ஓடுவது களவு என்ற எண்ணந்தான்.

எண்ணியவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பதிவேடு சேர்வெண் (புத்தகம் வந்துசேர்ந்த ஒழுங்கில் இடும் எண்) வரிசையில் இருக்கிறது, இறாக்கை பகுப்பெண் (பொருள்வாரியாக இடும் எண்) வரிசையில் இருக்கிறது. ஒரு தட்டில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று புத்தகங்களின் எண்கள் 412, 6,077, 2,950 என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டைப் புரட்டிப் பென்சிற் குறி போடவேண்டும். மூன்றாம் நாள் பிற்பகலில் குறி ஒரு வரி மேலோ கீழோ விழத்தான் செய்யும். லேபல் விழுந்த புத்தகத்தை ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கிவைத்தார்கள், அந்தப் பிறகு வரவேயில்லை. கவுண்டருக்குப் பின்னால் கட்டிவைத்திருந்த கட்டுகளையும் இரவல் அட்டைத் தட்டையும் யாரும் கணக்கிற் சேர்க்கவில்லை.

ஆடி மாத மீள்கணக்கு

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காகிதம் உலர்ந்திருக்கும், பூஞ்சணம் அடங்கியிருக்கும், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து வேலைசெய்யலாம். பரீட்சை இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்து, அதில் ஆறு நாள் மட்டும் இரவலை நிறுத்தினால் போதும்.

முதல் வாரம் எண்ணுவதே இல்லை. தட்டுகளை ஒழுங்குபடுத்துவதும் லேபல் ஒட்டுவதுந்தான் வேலை. பழைய லேபல்கள் பெரும்பாலும் செலோடேப்பால் ஒட்டப்பட்டவை. இந்த வெக்கையில் அதன் பசை உருகிப் பழுப்பாகிப் பக்கத்துப் புத்தகத்தையும் பிடித்துக்கொள்ளும், கடைசியில் காய்ந்த நாடா மட்டும் தனியே கழன்று விழும். மாப்பசை இன்னும் மோசம்: கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. பைண்டர் கம்மை மெல்லியதாகப் பூசி, அடியிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில் ஒட்டி, காய்ந்தபின் லேபலின் மேலும் ஒருதரம் மெல்லப் பூசிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

லேபலும் இல்லை, முதற் பக்கமும் கிழிந்துவிட்டது என்றால் இரகசியப் பக்கம் கைகொடுக்கும். ஒவ்வொரு நூலகமும் தன் முத்திரையையும் சேர்வெண்ணையும் உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் இடுவது பழைய வழக்கம். இந்தக் கல்லூரியில் அது 17ஆம் பக்கம். “மிஸ், இதில நம்பரே இல்ல” என்று உதவியாளர் அட்டையில்லாத ஒரு புத்தகத்தை நீட்டினால், “பதினேழப் பாருங்க தம்பி” என்பதுதான் பதில். அந்தப் பக்கம் எதுவென்று எழுதிவைக்காமல் நூலகர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், அடுத்து வருபவர் ஒரு பத்துப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கவேண்டியதுதான். பொறுப்புக் கொடுக்கும் பட்டியலில் சாவிகளின் எண்ணிக்கையோடு இதையும் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் வாரம் எண்ணிக்கை. பதிவேட்டைத் தொடுவதேயில்லை. எக்செல் தாளில் மூன்று நிரல்: இடம், சேர்வெண், தலைப்பின் முதற்சொல். இடம் என்பது இறாக்கை எண், பக்கம், தட்டு (7, இடது, 3 என்பதுபோல). ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டெழுதுகிறார். ‘நாலாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு’ என்று நீட்டாமல் ‘நாலு, மூண்டு, அஞ்சு, ரெண்டு’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதே நல்லது. காற்றாடிச் சத்தத்தில் ஏழும் எட்டும் ஒன்றுபோற் கேட்கும். பழைய கையெழுத்தில் 1உம் 7உம், 0உம் 6உம் மயங்கும். தலைப்பின் முதற்சொல்லைச் சேர்த்து எழுதச் சொல்வது இதற்காகவே: எண் பிழைத்தாலும் சொல் காட்டிக்கொடுக்கும்.

இந்த வேகத்தில் ஒரு சோடி மணிக்கு 150 புத்தகம் முடிக்கும். காலையில் நாலு மணிநேரந்தான் கவனம் நிற்கும், அதற்குமேல் எண்ணுவது எண்ணாததற்குச் சமம். இரண்டு சோடி என்றால் ஆறு நாள். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று கவுன்ட்இஃப் கட்டளையால் பார்த்து, வந்தவற்றை மறுநாட் காலை நேரிற் போய்ச் சரிபார்க்கவேண்டும். முழுவதும் முடிந்தபின், 1 முதல் 8,412 வரை இட்ட நிரலோடு ஒப்பிட்டு இல்லாத எண்களைப் பிரித்தெடுக்கவேண்டும்.

1,126 இப்படிப் பிரிந்தது:

லேபல் இல்லாமலோ இடம்மாறியோ இறாக்கையிலேயே நின்றவை 388
விரிவுரையாளர் அறைகளிலும் ஆய்வுகூடத்திலும் இருந்தவை 171
இரவல் அட்டை தட்டில் இருக்க, திரும்பாமல் நின்றவை 143
பதிவேட்டுப் பிழைகள் 96
முன்னைய வெள்ளத்தில் நனைந்து, எழுத்தில் இல்லாமல் எறியப்பட்டவை 79
பைண்டிங் செய்யக் கட்டிவைத்து, அனுப்ப மறந்தவை 62
உண்மையிலேயே இல்லாதவை 187

பதிவேட்டுப் பிழை 96ஐச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் சந்தேகிக்காத ஆவணம் பதிவேடுதான். பக்கத்துக்கு 25 வரி, எண்கள் முன்கூட்டியே இடப்பட்டவை. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்களை ஒன்றென நினைத்துப் புரட்டியதில் 50 எண்கள் வெறுமையாகவே போயிருந்தன. புத்தகமே இல்லாத அந்த 50ம் ஒவ்வொரு ஆண்டும் ‘காணாமற்போய்க்’ கொண்டிருந்தன. 31 எண்கள் சஞ்சிகைக் கட்டுகளுக்கு உரியவை. கட்டுகள் பின்னர் தனிப் பதிவேட்டுக்கு மாறின, இங்கே யாரும் வெட்டவில்லை. மிச்சம் 15, பல தொகுதிகளுக்குத் தனித்தனி எண் கொடுத்து, பிறகு ஒரே கட்டாகக் கட்டிய நூல்கள். பிழையான வரியை அழிக்கக்கூடாது, வெள்ளை மையும் பூசக்கூடாது. சிவப்புப் பேனையால் ஒரு கோடு, குறிப்பு நிரலில் காரணம், திகதி, கையொப்பம்.

171ஐத் திருப்பிக் கேட்டுச் சண்டைபிடிக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் தினமும் புரளும் புத்தகம் ஆய்வுகூடத்திலேயே இருக்கட்டும். நீண்டகால இரவற் பதிவேடு ஒன்றில் ஏற்றி, ஒவ்வொரு ஆடியிலும் புத்தகத்தைக் கண்ணாற் பார்த்துக் கையொப்பம் வாங்கினாற் போதும். விரிவுரையாளர் ஓய்வுபெறும்போது நூலகத்தின் தடையின்மைக் கடிதம் கேட்கும் வழக்கம் இருந்தால் இந்தப் பட்டியல் தானாகவே சுருங்கும்.

கீழ்த்தட்டு

கணக்குச் சரியானதும் இடப்பிரச்சினை வெளியே வந்தது. 16 இருபக்க இரும்பு இறாக்கை, பக்கத்துக்கு 6 தட்டு, மொத்தம் 192 தட்டு. அவற்றில் 7,034 புத்தகம். மூன்றடித் தட்டில் ஏறத்தாழ 37. ஒரு தட்டை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பது பொதுவிதி. நெருக்கி அடைத்தால் மாணவன் புத்தகத்தின் தலையைப் பிடித்து இழுப்பான், முதுகு கிழியும், காற்றும் நுழையாது. ஆனால் வாவியோரத்து நூலகத்துக்கு அதைவிட அவசரமானது வேறொன்று: நிலத்திலிருந்து நாலங்குல உயரத்தில் நிற்கும் 32 கீழ்த்தட்டுகள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்தில் நாலங்குலம் ஒரு உயரமே அல்ல. கீழ்த்தட்டை வெறுமையாக்கினால் மிகத் தாழ்ந்த புத்தகம் ஒன்றரை அடி மேலே போய்விடும். அதற்கு 1,184 புத்தகம் பொதுத்தட்டை விட்டு வெளியேறவேண்டும்.

வெளியேற்றுவது என்றாலே நம் ஆட்களுக்கு மனம் வராது. புத்தகத்தைக் காலால் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் பழக்கத்தில் வளர்ந்தவர்களிடம் ‘இதைக் கழி’ என்பது லேசான பேச்சல்ல. அதனால் விதி எழுத்தில் இருக்கவேண்டும், முடிவு மூவருடையதாக இருக்கவேண்டும்: நூலகர், அந்தப் பாடத்து விரிவுரையாளர், நிருவாகத்திலிருந்து ஒருவர்.

ஐந்தாண்டு இரவல் போகவில்லை என்பது மட்டும் கழிக்கக் காரணமாகாது. திகதிச் சீட்டு வெறுமையாக இருக்கும், ஆனால் பரீட்சைக் காலம் முழுவதும் மேசையில் விரிந்து கிடந்த புத்தகமாக அது இருக்கலாம். மாலையில் மேசைகளில் கிடப்பவற்றை இறாக்கையில் வைக்கும் முன் பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கும் பழக்கத்தை ஓராண்டுக்கு முன்பே தொடங்கவேண்டும். புள்ளியும் இல்லை, திகதியும் இல்லை என்றால் மட்டுமே அந்தப் புத்தகம் மூவர் மேசைக்குப் போகும்.

பாடநூல் மேலதிகப் பிரதிகள் 410 முதலில் போயின. ஒரே நூலுக்கு 20 பிரதி வாங்கிய காலம் ஒன்றிருந்தது, இப்போது மூன்று போதும். அடுத்து காலங்கடந்தவை 265: விண்டோஸ் 98 கைநூல்கள், திருத்தப்பட்ட சட்டங்களின் பழைய விளக்கங்கள், நன்கொடைப் பெட்டியில் வந்த வேறு நாட்டுப் பாடசாலைப் பயிற்சிநூல்கள். திருத்தமுடியாமற் சிதைந்தவை 118. வேறு நூலகங்களுக்கு மாற்றியவை 150. மிச்சம் 241 மேல்மாடி அலுமாரிக்கு, கேட்டால் எடுத்துக்கொடுக்கும் ஒழுங்கில்.

பழைய ஆசிரியர் வழிகாட்டிகளில் கவனம் வேண்டும். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபின் அதற்கு முந்தியவை வகுப்பறைக்கு உதவாது. ஆனால் கலைத்திட்ட மாற்றத்தை ஆராயும் மாணவனுக்கு அவைதான் மூலம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி நிற்கவேண்டும்.

கழிக்கவே கூடாதவையும் உண்டு: கோயிற் கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், மரண நினைவு வெளியீடு, கூத்துப் பிரதி, நாலு இதழோடு நின்றுபோன உள்ளூர்ச் சஞ்சிகை. தோற்றத்தில் இவை மெலிந்த, அழுக்கேறிய, முதுகில் தலைப்பில்லாத பொருள்கள். விதி தெரியாதவர் கை முதலில் போவது இவற்றின்மேல்தான். உள்ளூர்த் தொகுப்பு என்று தனி அலுமாரி, இரவல் இல்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தில் இவற்றில் எது ஏற்கெனவே மின்வடிவில் இருக்கிறது என்று தேடிப்பார்த்து, இல்லாததை மின்வருடக் கொடுப்பது அடுத்த வேலை. பகுப்பெண் போடுவதிலும் இங்கே தடுமாற்றம் வரும். கூத்துப் பிரதி தமிழ் நாடகமாக 894.8112க்குப் போகும், கூத்தைப் பற்றிய ஆய்வு 792க்கு. 1964இல் வந்த வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் போன்ற நூலில் வரலாறும் நாட்டார் பாடலும் வழக்காறும் கலந்திருப்பதால் 954.93இலும் வைக்கலாம், 894.811இலும் வைக்கலாம். எதில் வைத்தாலும் சரி, ஆனால் முடிவை ஒரு கொப்பியில் எழுதிவைக்காவிட்டால் அடுத்த பிரதி வேறொரு இறாக்கைக்குப் போகும்.

நீக்கும் முறை: பட்டியல் (சேர்வெண், தலைப்பு, விலை, காரணம்), அந்த மூவரின் கையொப்பம், அதிபரின் அனுமதி, அதன்பின் பதிவேட்டில் கோவை எண்ணோடு சிவப்புக் குறிப்பு. புத்தகத்தில் கல்லூரி முத்திரை உள்ள எல்லாப் பக்கத்திலும், இரகசியப் பக்கத்திலும், அதன்மேல் ‘நீக்கப்பட்டது’ முத்திரை. இதைத் தவறவிட்டால் ஒருநாள் பஸ் நிலையத்தில் வாங்கும் கச்சான் கடலைச் சுருளில் கல்லூரி முத்திரை சிரிக்கும், படம் எடுத்துப் போடுவதற்கும் ஆள் இருக்கும். எரிப்பது மட்டும் வேண்டாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டில், கல்லூரி வளவில் புத்தகம் எரியும் புகையைக் குப்பைப் புகையாக யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஈரம்

நனைந்த 79 புத்தகத்தில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். நனைந்த காகிதத்தில் 48 மணிநேரத்துக்குள் பூஞ்சணம் கிளம்பத் தொடங்கும், ஆகவே முதல் இரண்டு நாளே நாள். வழுவழுப்பான படத்தாள் உள்ளவற்றை முதலில் எடுக்கவேண்டும், உலர்ந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். அச்சிடாத வெள்ளைத் தாளை 20 பக்கத்துக்கொன்றாகச் செருகி, நிமிர்த்தி விசிறிபோல் விரித்து, காற்றாடியின் கீழ் நிழலில் வைக்கவேண்டும். செருகிய தாளைச் சில மணிக்கொருதரம் மாற்றவேண்டும். முற்றத்து வெயிலிற் காயப்போட்டால் அட்டை வளைந்து, பசை வெடித்து, பூஞ்சணம் இல்லாமலே புத்தகம் போய்விடும்.

அன்றாட ஈரத்துக்கு ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் தொங்கவிடலாம். 60 சதவீதத்துக்குக் கீழே நிற்பது நல்லது, 65ஐத் தாண்டிப் பலநாள் நின்றால் பூஞ்சணம் வரும். குளிரூட்டி இருப்பதாற் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது தவறு. பகல் எட்டு மணிநேரம் ஓடி, மாலையில் நிறுத்தினால், குளிர்ந்த புத்தகத்தின்மேல் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று படியும். இரவும் ஓட்டப் பணமில்லையென்றால் குளிரூட்டியே இல்லாமல் காற்றாடியும் திறந்த ஜன்னலும் மேல். இறாக்கைக்கும் சுவருக்கும் இடையில் அரையடி இருக்கவேண்டும். கறையான் ஏறும் வழி சுவர், ஈரம் கசியும் வழியும் அதுதான்.

பூச்சி விழுந்த புத்தகத்தைப் பொலித்தீனில் காற்றுப்போகாமற் கட்டி, மைனஸ் 18 பாகை டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். எடுத்தபின் ஒருநாள் கட்டவிழ்க்கக்கூடாது, உள்ளே வியர்க்கும். மீன் வைத்த ஃபிரீசரை இரவல் கேட்கும் யோசனை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வரும். வாசனை போகாது.

கணினி

கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவி எல்லாவற்றையும் தொடங்குவோம் என்பது வழக்கமான ஆசை. பிழையான பதிவேட்டைக் கணினியில் ஏற்றினால் பிழை வேகமாகத் தேடப்படும், அவ்வளவுதான். அதனால் ஆடிக் கணக்குக்குப் பின்னரே அதைத் தொட்டார்கள்.

சிக்கல் எழுத்துருவில் இருந்தது. பழைய எக்செல் பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுதியது. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பையாகத் தெரியும், அகரவரிசையும் எங்கோ போகும். மாற்றியைக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். ஆனால் ஒரே கலத்தில் ஆங்கிலத் தலைப்பும் கலந்திருந்தால் அந்த ஆங்கிலமும் தமிழ் எழுத்துகளாகச் சிதறும். முதலில் மொழிவாரியாக வரிகளைப் பிரித்து, தமிழை மட்டும் மாற்றவேண்டும். மாற்றியபின் பார்க்கவேண்டிய இன்னொன்று ‘ஔ’. ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிய ‘ஒளவையார்’ கண்ணுக்கு ஔவையார்தான், தேடினால் வரமாட்டார்.

187

உண்மையில் இல்லாத 187இன் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்து அறிவித்தற் பலகையில் ஒட்டினார்கள். வாசலில் மூடியில் துளையிட்ட ஒரு காட்போட் பெட்டி, யார் போட்டது என்று பார்ப்பதில்லை, தண்டமும் இல்லை. ஒரு மாதத்தில் 23 வந்தன, அதில் நாலு வேறு நூலகத்து முத்திரையோடு. அவற்றைக் கணக்கிற் சேர்க்காமல் உரியவர்களுக்கு அனுப்பியாயிற்று. 19 போக மிச்சம் 168.

இழப்பு விசாரணைக்குப் பெறுமதி வேண்டும். பதிவேட்டில் 1974இல் வாங்கிய நூலுக்கு 12 ரூபாய் 50 சதம் என்றிருக்கிறது, நன்கொடை நூல்களுக்கு விலை நிரலே வெறுமை. இரண்டு நிரல் போட்டார்கள்: பதிவேட்டு விலை, இன்று வாங்கினால் ஆகும் விலை. எதை அறவிடுவது, எதைப் பதிவழிப்பது என்பது விசாரணைச் சபையின் முடிவு. நன்கொடையாக இனி வருவதற்கு வந்த அன்றே ஒரு மதிப்பு எழுதப்படுகிறது, கழிக்கும் உரிமை நூலகத்துக்கு உண்டு என்ற படிவத்தில் கொடுப்பவரும் கையொப்பமிடுகிறார்.

அடுத்த மார்கழியில் கணக்கெடுப்புச் சபை வந்தபோது 85 பக்கத் தாள்கள் தயாராக இருந்தன: பக்கத்துக்கு 100 எண், ஒவ்வொன்றின் எதிரிலும் இறாக்கை இடம் அல்லது காரணம். அவர்கள் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாய்ப் பிரித்து, பக்கத்தில் ஐந்து எண்ணைச் சொல்லி, புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். மழைக்கு முன் வேலை முடிந்தது.